பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் நடத்தும்போது கரும்பலகையில் ஏழு சொற்களை எழுதுவேன். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். வீதியில் உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களின் ஏழு பருவங்கள். பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு வயதுக் கணக்கும் சொல்கின்றன. நூலுக்கு நூல் சற்று மாறினாலும், ஐந்து வயதில் பேதையாகத் தொடங்குகிறவள் நாற்பதில் பேரிளம்பெண்ணாக முடிகிறாள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பத்தொன்றாம் வயதில் அவள் எங்கே போகிறாள் என்று எந்தப் பாட்டியலும் சொல்வதில்லை. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அப்ப நீங்க எதுல மிஸ் வருவீங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அது நான் வீட்டுக்கு எடுத்துப்போன கேள்வி.

அகப்பாடல்களில் தோழி பேசிக்கொண்டே இருக்கிறாள். தலைவியைத் தேற்றுகிறாள், தலைவனைக் கடிகிறாள், தாய்க்குத் தெரியாமல் மறைக்கிறாள், தாய்க்குத் தெரிய வேண்டிய நேரத்தில் சொல்கிறாள். அவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவு வகுத்துக் கொடுக்கிறது. தலைவிக்கு மணமான பிறகும் வாசலில் நின்று, பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை மறித்துப் பேசுகிறாள். அதோடு சரி. தோழி கிழவியாவதில்லை. தலைவியும் தோழியும் எழுபது வயதில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்ட பாட்டு ஒன்றுகூட என் வாசிப்பில் இல்லை.

முதுமையில் இளமையை நினைத்து ஏங்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டு. கோல் ஊன்றிய கிழவர் ஒருவர், மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து, ஆழத்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த நாளை நினைக்கிறார். அதே பாட்டில் மணலால் பாவை செய்து பூச்சூட்டி விளையாடிய பெண்களும் வருகிறார்கள். அந்தப் பெண்களுக்கும் வயதாகியிருக்கும். அவர்களில் ஒருத்தி நினைத்துப் பார்த்ததைப் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நான் அம்மாவை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

அம்மா கணக்கு டீச்சர். மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் 2013இல் ஓய்வு பெற்றாள். மதுரைக்காரர்களுக்கு 58 வயதில் ஓய்வு என்றால் ஒரு கதை உடனே நினைவுக்கு வரும். டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கதை. அதே வயதில் ஓய்வு பெற்ற அம்மா, அடுத்த வாரமே பெங்களூருக்குப் பஸ் ஏறினாள், தம்பியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. மூன்று வருடம் கழித்துத் திரும்பியபோது அப்பாவுக்குப் பக்கவாதம். 2019இல் அப்பா இறக்கும்வரை அந்த வீட்டைவிட்டு அம்மா ஒருநாள்கூட வெளியே தங்கவில்லை. ஓய்வு பெற்றவள் என்ற சொல் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

2022இல் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். வீட்டை விற்கப்போகிறாள். நகருக்குத் தெற்கே, ரிங் ரோட்டைத் தாண்டி, வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்று வந்திருக்கிறது. அதில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடப் போகிறாள். சொந்தமாகத் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் இதற்குப் பேர்போனது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் நல்ல மருத்துவமனைகள், வெயில் குறைவு என்று பல காரணங்களால் அங்கே இத்தகைய குடியிருப்புகள் நிறைய எழுந்தன. மதுரைப் பக்கம் அந்தப் பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. வீட்டுக்கு ஒரு விலை, அதன்பின் மாதாமாதம் பராமரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை. பொதுச் சாப்பாட்டுக் கூடம், அழைத்தால் வரும் செவிலியர், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, நடக்க ஒரு பாதை.

தம்பி மூன்று மாதம் பேசவில்லை. பெரியப்பா வீட்டில், "உள்ளூர்ல பெத்த மக இருக்கையில தாயைக் கொண்டுபோயி ஹோம்ல சேத்துவிட்டுருக்கா" என்று சொன்னார்கள். இந்தச் 'சேர்த்துவிடுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்ப்பார்கள். தன் பெயரில் இருந்த வீட்டைத் தானே விற்று, தன் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் மாதந்தோறும் கட்டி, தானே கையெழுத்துப் போட்டுக் குடிபோன ஒருத்தியைப் பற்றியும் நம் மொழி அப்படித்தான் பேசுகிறது. "யாரும் சேக்கல. நானா வந்தேன்" என்பதை அம்மா முதல் ஆறு மாதம் போனில் எத்தனை பேரிடம் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

நானும் கேட்டேன், என் வீட்டுக்கு வந்துவிடேன் என்று. அதற்கு அம்மா சொன்ன பதில் இது: "உன் வீட்டுல எனக்கு ஒரு ரூம் இருக்கும்டி. எனக்குன்னு ஒரு பொழுது இருக்காது."

இடமும் காலமும் முதலில் வருபவை என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் அடிப்படை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். மரம், பறவை, தொழில் எல்லாம் அதற்குப் பின்னால் வரும் கருப்பொருள்கள். காதலும் பிரிவும் காத்திருப்பும் அதற்கும் பின்னால் வருபவை. இதை இருபது ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லிவருகிறேன். பெண்களின் நட்புக்கும் இதுதான் இலக்கணம் என்று அம்மா போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. நட்பு மனசு சம்பந்தப்பட்டது என்கிறோம். மனசு எல்லோரிடமும் இருக்கிறது. நிலமும் பொழுதும் யாரிடம் இருக்கின்றன?

முதல் மாதங்களில் அந்தக் குடியிருப்பின் பெண்களுக்குப் பொழுதை என்ன செய்வதென்று தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைக்க வேண்டாம் என்பது நினைவுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் சாப்பாட்டுக் கூடத்தின் சமையற்கட்டுக்குப் போய், "சாம்பாருக்குப் பெருங்காயம் பத்தல" என்று சொல்லிவிட்டு வருவார்கள். பொழுதுபோக்கு என்ற சொல் அவர்களில் பலருக்குத் தொலைக்காட்சி என்ற ஒரே பொருளில்தான் தெரிந்திருந்தது. போக்குவதற்கு முன்னால் பொழுது கையில் இருக்க வேண்டுமல்லவா?

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பற்றி அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். வீட்டுவேலை செய்கிற இந்தியப் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டுவேலை செய்கிற ஆண்களுக்கு அது 97 நிமிடம். அம்மா ஒரு பழைய கவரின் பின்பக்கத்தை எடுத்தாள். 299ஐ ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இங்கே வரும்வரை 45 வருடம். ஐந்தை 365ஆல் பெருக்கி, அதை 45ஆல் பெருக்கி, வந்த 82,125ஐ 24ஆல் வகுத்து, அதை மறுபடி 365ஆல் வகுத்தாள். "ஒம்பது வருஷத்துக்கு மேல வருது. ராத்திரி பகல் தூங்காம ஒம்பது வருஷம்" என்றாள். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதுல ஸ்கூல் வேலை சேக்கல" என்றாள்.

அம்மாவின் தோழியை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் முப்பத்து நான்கு ஆண்டு செவிலியராக இருந்தவர். திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தங்கைகளுக்கும் தம்பிக்கும் கல்யாணம் செய்துவைத்ததில் தன் கல்யாணத்துக்கு வயது தாண்டிவிட்டது. பிறகு அதை அவர் தேடவும் இல்லை. எதிர் வீடு. முதல் வருடம் முழுக்க இருவரும் 'டீச்சர்', 'சிஸ்டர்' என்று மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அவர்களைச் சேர்த்துவைத்தது கேரம் பலகை. பொழுதுபோக்கு அறையில் ஒரே பலகைதான் இருந்தது. காலை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை, மாலை நான்கிலிருந்து ஆறுவரை அது ஆண்களிடம் இருக்கும். யாரும் பெண்கள் விளையாடக் கூடாதென்று சொல்லவில்லை. யாரும் எழுந்து இடம் கொடுக்கவும் இல்லை. சிஸ்டர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குடியிருப்போர் சங்கத்துக்கு அம்மாவின் கையெழுத்தில் ஒரு மனு போனது, பதினேழு பெண்களின் கையொப்பத்தோடு. இரண்டாவது பலகை வந்தது. அடுத்த தேர்தலில் சங்கத்தின் பொருளாளர் பதவிக்கு அம்மா நின்றாள். கணக்கு டீச்சரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அடுத்து வந்தது பறவை. பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அப்படி 2023 ஜனவரியில் சாமநத்தம் கண்மாய்க்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் குடியிருப்பிலும் வந்து பேசினார்கள். மறுநாள் விடிகாலை ஆட்டோ வைத்துக்கொண்டு போன ஆறு பெண்களில் இப்போதும் போகிறவர்கள் இரண்டு பேர். அம்மா எண்ணுவாள். பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை வரிசையாகத் தலை எண்ணிய பழக்கம். கண்மாயின் நடுத்திட்டில் நிற்கும் நாரைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து நொடியில் சொல்லிவிடுவாள். சிஸ்டர் எழுதுவார். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை. கடைசியில் 'நிலை' என்று ஒரு பத்தி. சங்குவளை நாரை 14, சீராக உள்ளன. பாம்புத்தாரா 2, சிறகு உலர்த்துகின்றன. நெடுங்கால் உள்ளான் 1, இடது காலில் நொண்டல், நாளை பார்க்க வேண்டும்.

நாரை என்றதும் எனக்குச் சத்திமுத்தப் புலவர் நினைவு வந்தது. மதுரை வீதியில் குளிரில் நடுங்கியபடி, ஊரில் இருக்கும் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்ட ஏழைப் புலவர். அந்தப் பாட்டில் மனைவி, நனைந்த சுவரில் பல்லி என்ன சொல்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதைக் கண்மாய்க் கரையில் வைத்துச் சொன்னபோது சிஸ்டர் கேட்டார்: "அந்தப் பொம்பள பல்லியவே பாத்துக்கிட்டு இருந்தாளாக்கும்? அவ ஒரு நாரையும் அனுப்பலையா?" முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது எதிர் வீட்டு வாசலிலிருந்து சிஸ்டர், அம்மாவைப் பேர் சொல்லி, "ஏய், வாடி, நேரமாச்சு" என்று கூப்பிட்டார். நான் நின்றுவிட்டேன். அம்மாவை நான் அம்மா என்கிறேன். ஊரில் டீச்சர், சொந்தத்தில் மதினி, அத்தை, பெரியம்மா. அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, 'இந்தா' என்பார். பேரும் 'டி'யும் சேர்த்துக் கூப்பிட்ட ஆச்சி, பெரியம்மா, பள்ளிக்கூடத்துத் தோழிகள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அம்மாவின் பெயரை 'டி'யோடு சேர்த்து என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா எந்த ஆச்சரியமும் இல்லாமல், "இருடி, செருப்பைக் காணோம்" என்றாள்.

கணவரோடு வந்திருக்கும் பெண்களுக்கு இவ்வளவு வாய்ப்பதில்லை என்பதையும் அங்கே பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாலும் அவருக்குத் தட்டு எடுத்துவைப்பது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது, அவர் தூங்கும் நேரத்துக்குள் நடந்துவிட்டு வருவது. "நாங்கதான் இங்க பேச்சிலர்ஸ்" என்று சிஸ்டர் சொல்வார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டிய இந்தியப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. நம் சமூகம் அந்தப் பாதிப்பேரின் தனிமையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறது. அவர்களில் சிலருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கையில் கிடைத்த பொழுதைப் பற்றிப் பேசினால் அது அமங்கலம்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை. எனக்குத் தேர்வுப் பணி, சிஸ்டர்தான் கூடப் போனார். படிவத்தில் உடன் வந்தவரின் பெயர், அடுத்து உறவுமுறை. சிஸ்டர் அந்தக் கட்டத்தில் 'தோழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்தப் படிவத்தின் நகலை நான் நெடுநேரம் வைத்திருந்தேன். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளையும், பிள்ளை இல்லாதவர்களுக்குச் சொத்துக்கு வாரிசாகும் உறவினர்களையும் பொறுப்பாக்குகிறது. தேவையான சட்டம். ஆனால் வயதானவரைப் பெற்றோராகவோ சொத்துக்காரராகவோதான் அதனால் பார்க்க முடிகிறது. சிஸ்டர் அன்று நிரப்பியதைப் போன்ற ஒரு கட்டம் அதில் கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தக் குடியிருப்பைச் சொர்க்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "நீங்க எந்தப் பக்கம்?" மதுரையில் இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயரைச் சொன்னால் பதில் முடிந்துவிடாது என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் சைவம் மட்டும், முட்டைகூடக் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் அந்த விதி என்றார்கள். "பொதுன்னா யாருக்குப் பொது?" என்று சிஸ்டர் சங்கக் கூட்டத்தில் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. அவர் தன் வீட்டு அடுப்பில் நெத்திலி வறுத்த அன்று மூன்று புகார் வந்தது. அதனால் மாதத்தில் ஒருநாள் இருவரும் மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கி, சிம்மக்கல் வந்து கோனார் மெஸ்ஸில் கறிதோசை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். 2021 மே மாதம் அந்தப் பேருந்துத் திட்டம் வந்தபோது, காசு இல்லாத பெண்களுக்குத்தானே என்று அம்மா அதில் ஏறாமல் இருந்தாள். இப்போது, யாரிடமும் சில்லறை கேட்காமல், எங்கே என்று சொல்லாமல் கிளம்புவதற்கான பேருந்து அது என்கிறாள்.

அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பக்கத்துக் கிராமம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை. காலை ஏழு மணிக்கு வந்தால், தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களின் ஓய்வுக்காலத்தைச் சுத்தம் செய்துவிட்டு நான்கு மணிக்குப் போவார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இவுகளுக்கெல்லாம் ரிட்டேரு ஆயிருச்சு. எனக்கு எப்ப?"

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023இலிருந்து 1,200 ரூபாய். அக்கா அதற்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார். கிடைத்தாலும் வேலையை விட முடியாது. ஆனால் சிநேகிதத்தைப் பற்றிக் கேட்டபோது அக்காவின் முகம் மாறியது. "நூறு நாள் வேலையிலதாம்மா எனக்குச் சேக்காளிகளே கெடச்சாக" என்றார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம். களையெடுப்புக்கும் நடவுக்கும் கூட்டமாகப் போனாலும் கொத்துக்காரர் நிமிரவிடமாட்டார். நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில், மண்ணை வெட்டிப்போட்டுவிட்டுக் கருவேல நிழலில் தூக்குவாளியைத் திறந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட அந்த நேரத்தில்தான் அடுத்த தெருப் பெண்ணோடு பேச்சு வந்தது. மற்ற நாள்களில் அந்தத் தெருவுக்குள் இவர் போவதும் இல்லை, அவர் வருவதும் இல்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். வயதான பெண்கள் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தத் திட்டத்தைக் கேலி பேசிய ஆண்களை எல்லா டீக்கடைகளிலும் கேட்டிருக்கிறோம். உட்கார்ந்துதான் இருந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக, சம்பளத்தோடு, பக்கத்தில் ஒருத்தியோடு.

இந்தச் சமவெளியில் சேக்காளிகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை போதும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்தவர். 2001இல் ஸ்திரீ சக்தி விருதை வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீ. அந்தப் படத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் பல ஆண்டுகள், பகல் வேலை முடிந்து இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணிய பெண்களின் படம் யாரிடமும் இல்லை. கடன் கொடுப்பதற்காகக் கூடிய அந்தக் கூட்டங்களில்தான் பலருக்குத் தன் வீட்டுக்கு வெளியே ஒரு பொழுது கிடைத்தது.

ஆதரவற்ற முதியவர்களுக்கும் இப்படி ஓர் இடம் சாத்தியம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் அதற்குச் சாட்சி. ஏறத்தாழ நூறு பேர், சிறு சிறு வீடுகள், கூடவே அவரவரால் முடிந்த வேலை. முதியோர் இல்லம் என்றால் வரிசைக் கட்டில்கள் என்று நினைத்திருப்பவர்களுக்கு அது வேறு ஒரு படம். ஆனால் ஒரு மாநிலத்துக்கு அப்படி எத்தனை இருக்க வேண்டும்? 2011இலேயே தமிழ்நாட்டு மக்களில் பத்துப் பேருக்கு ஒருவர் 60 வயதைத் தாண்டியவர்.

மதுரைக்கு வெளியே, இதே போன்ற புறநகரில், இரண்டு மூத்த பெண்கள் சந்தித்த கதை நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில், சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி, இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஆயர்குல முதுமகள். சமயம் வேறு, குலம் வேறு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு ஒருவர் உண்ணா நோன்பிருந்தும் ஒருவர் தீயில் புகுந்தும் உயிர்விட்டதாகப் பின்னால் ஒரு வரிச் செய்தியாகத்தான் வருகிறது. ஒரு முதியவள் இன்னொரு முதியவளை நம்பி ஒரு பெண்ணை ஒப்படைத்ததையும், அந்த நம்பிக்கைக்கு இருவரும் உயிரைக் கொடுத்ததையும் நான் இப்போது நட்பு என்றே வாசிக்கிறேன். பாடத்திட்டத்தில் இதற்கு அடைக்கலம் என்று பெயர்.

பிரான்சில், பாரிசை ஒட்டிய மோந்த்ரேயில், தெரேஸ் கிளேர் என்ற பெண்ணியவாதி பல ஆண்டுகள் அரசோடு மல்லுக்கட்டி, வயதான பெண்கள் தாங்களே நடத்தும் குடியிருப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குப் 'பாபா யாகா இல்லம்' என்று பெயர் வைத்தார், நாட்டுப்புறக் கதைச் சூனியக்கிழவியின் பெயர். 2013இல் திறப்பு விழா நடந்தபோது அவருக்கு வயது 85. லண்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் குழு ஒன்று, 1998இல் பேசத் தொடங்கி, பதினெட்டு ஆண்டு அலைந்து, 2016இல் தங்கள் குடியிருப்பில் குடியேறியது. அந்தப் பதினெட்டு ஆண்டில் சிலர் இறந்தும் போனார்கள். அவர்களும் செய்தது நிலத்தையும் பொழுதையும் தேடியதுதான்.

எனக்கு நாற்பத்தைந்து. அம்மாவுக்கு அந்த வீட்டை வாங்கித் தந்தது அவள் பெயரில் இருந்த மனை. அதில் இருக்கவைப்பது பழைய ஓய்வூதியம். நான் ஒன்பது ஆண்டு சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்த்தேன். நிரந்தரப் பணி கிடைத்தபோது, 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தேன். என் வயதுத் தோழிகளில் பாதிப்பேர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். பட்டம் வாங்கிய நாங்கள், அம்மாவின் முதுமையைவிட ஏழ்மையான முதுமைக்குள் போகப்போகிறோம். இதை மாணவிகள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நகை வேண்டாம், உங்கள் பேரில் ஒரு துண்டு நிலம் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எண் மாறிப்போகிற தோழியின் புது எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கென்று வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அந்த மாலையை வீட்டில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாங்கள் நான்கு தோழிகள் சென்ற வருடம் முதல் மாதம் ஒரு தொகை போட்டு வருகிறோம். நத்தம் பக்கமோ திருமங்கலம் பக்கமோ ஒரு சிறு மனை, நான்கு அறைகள், ஒரு பொதுச் சமையற்கட்டு. யார் எந்த நாள் சமைப்பது என்பதில் இப்போதே சண்டை. கணக்கைப் பார்த்துக்கொடுக்க அம்மாவிடம் தந்திருந்தோம். அன்று திண்ணையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எனக்கும் அதுல ஒரு எடம் போடுங்க. ஆனா கூட்டமாட்டேன், ஆமா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐந்தாவது பெயரை எழுதிக்கொண்டோம். அக்காவுக்கு வரப்போவது 1,200 ரூபாய். நான்கு பேரின் பங்கை எவ்வளவு கூட்டினால் ஐந்து அறை வரும் என்று அம்மா மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். இன்னும் விடை வரவில்லை. கவரின் பின்பக்கம் தீர்ந்துவிட்டது, சிஸ்டரின் பறவை நோட்டில் ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.